பதினோரடிக்கு ஏழடி

புதுச் சமையலறை தயாரான நான்காம் நாள் காலையில் திரவியம் கொல்லைப் பக்கம் போனார். சமையல்காரர்கள் இசக்கியம்மாளும் பூரணமும் தகரக் கொட்டகையில் பழைய இரும்பு அடுப்பை வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்து பார்த்தார். பளபளவென்ற கறுப்புக் கல் மேடையின்மேல் வெங்காய மூட்டை கிடந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திரவியத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. நகரத்தில் இருபத்தைந்து வருஷம் வீடு வீடாகச் சமையலறை அமைத்துக் கொடுத்தவர். மனைவி போன பிறகு, அந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்து வடிவம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் திரவியம் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். வடிவம்மை அவரை ‘ஐயா’ என்பார்.

மடத்தில் தினமும் அறுபது பேர் சாப்பிடுகிறார்கள். சமையலுக்கென்று மிஞ்சியது பதினோரடிக்கு ஏழடி இடம். அதிலும் ஒரு மூலையைத் தூண் அடைத்துக்கொண்டிருந்தது. வேறு யாராயிருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். திரவியம் செய்து முடித்தார். ஜன்னலுக்குக் கீழே பாத்திரத் தொட்டி, மூலை மடங்கிய மேடை, அதன்மேல் புது அடுப்பு, தூணை ஒட்டி மசாலா டப்பாக்களுக்குத் தட்டு, தலைக்கு மேலே பரண், மேடைக்கு அடியில் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் இழுப்பறைகள். ஓர் அங்குலம் வீணில்லை. பழைய அடுப்பு மட்டும் உள்ளே வரக் கூடாது, வந்தால் பிளானே கெட்டுப்போகும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இப்போது இரண்டு பெண்களும் அந்தப் பழைய அடுப்போடு வெளியே இருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “நல்லாத்தான் இருக்கு ஐயா” என்றாள் பூரணம், அவர் முகத்தைப் பார்க்காமல்.

நேரே குருவிடம் போனார். வடிவம்மை கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரவியம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். இரண்டு மாதம் முதுகொடிய வேலை பார்த்ததையும், பணக்கார வீடுகளில்கூட இப்படி ஒரு சமையலறை கிடையாது என்பதையும், அது இப்போது வெங்காயக் கிடங்காகக் கிடப்பதையும் சொன்னார். கடைசியில் கேட்டார்:

“அருமை தெரியாதவங்களுக்கு நல்லது செய்யலாமா அம்மா?”

வடிவம்மை கையிலிருந்த துணியை உதறிப் போட்டார்.

“பசிக்குது ஐயா. உங்க சமையலறையில எனக்குக் கொஞ்சம் உப்புமா கிண்டித் தர்றீங்களா?”

பத்தே நிமிஷத்தில் உப்புமா வந்தது. கடுகு, கத்தி, குழாய், அடுப்பு எல்லாம் கை நீட்டின தூரத்தில் இருந்தன. நின்ற இடத்தைவிட்டு அவர் நகரவே வேண்டியிருக்கவில்லை. குரு தட்டை வழித்துச் சாப்பிட்டார். உப்புமா நன்றாக இருக்கிறது என்றார். திரவியத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“மதியச் சமையலையும் உள்ளேயே வச்சுக்கலாம்” என்றார் வடிவம்மை. “அவங்க ரெண்டு பேரும் வரட்டும். நீங்களும் கூட நில்லுங்க.”

குரு கொல்லை வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மூன்று பேர். பூரணம் தொட்டியடிக்குப் போக வேண்டுமானால் திரவியம் சுவரோடு ஒட்ட வேண்டியிருந்தது. இழுப்பறையைத் திறந்தால் யாராவது ஒருத்தர் முழங்காலைத் தட்டியது. அவர் திட்டப்படி எது எங்கே இருக்கிறதென்று சொல்லிக்கொண்டே இருந்தார். சோற்று அண்டாவை மேடை அடுப்பில் ஏற்றியதும் அதன் விளிம்பு இசக்கியம்மாளின் கழுத்துக்கு வந்தது. அவள் குதிகாலை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஆவிக்குள் துடுப்பை விட்டுக் கிளறினாள்.

கஞ்சி வடிக்க அண்டாவை இறக்கும்போது திரவியம் ஒரு பக்கம் பிடித்தார். இசக்கியம்மாளின் முந்தானை விலகியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து சிவந்திருந்தது.

“இது எப்ப ஆச்சு?”

“இங்க சமைச்ச முதல் நாளே.”

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

அண்டாவைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். இத்தனை நாளில் அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“கல்லு பதிக்கிறதுக்கு முந்தியே சொன்னேன் ஐயா. அண்டாவுக்கு இந்த மேடை உசரம்னு சொன்னேன். ‘எல்லா வீட்டுலயும் இதாம்மா அளவு’ன்னீங்க. ரெண்டாந்தடவை சொன்னேன். ‘பழகிக்கோ’ன்னீங்க. மூணாந்தடவை நான் எதுக்குச் சொல்லணும்?”

திரவியம் மேடையின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

“ஐயா, கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றாள் பூரணம். “சாம்பாருக்கு நேரமாகுது.”

அவர் படியைத் தாண்டி வெளியே வந்தார். குருவுக்குப் பக்கத்தில் நின்றார். அவமானத்தில் காது சுட்டது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பெண்கள் இருவரும் கொட்டகைக்குப் போய்ப் பழைய அடுப்பை ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தார்கள். அவர் தடுக்கவில்லை. இத்தனை நேரம் அவர் நின்றுகொண்டிருந்த இடத்தில் அதை இறக்கினார்கள். சாம்பார் அண்டா அதன்மேல் ஏறியது. இப்போது அதன் விளிம்பு இசக்கியம்மாளின் இடுப்புக்குத்தான் வந்தது. பூரணம் மேடையில் காய் நறுக்க, இவள் குனியாமல் நிமிராமல் கிளறினாள். ஒருத்தி திரும்பினால் மற்றவள் ஒதுங்கினாள். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

திரவியத்துக்குப் பொறுக்கவில்லை.

“பதினோரடிக்கு ஏழடி அம்மா. மூலையில தூண் வேற. அளந்து அளந்து பார்த்தேன். இதுக்கு மேல நான் எங்கேயிருந்து இடத்தைக் கொண்டு வருவேன்?”

வடிவம்மை உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீங்க வெளிய வந்ததும் கிடைச்சிருச்சே ஐயா.”