இவண், கஜபதி

தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற ஒரு இன்ஜினியர் கோவில்பட்டியில் இருந்தாள். பேர் செண்பகவல்லி. படிப்புக்கேத்த வேலை கிடைக்கவில்லை, கல்விக்கடன் தவணை நின்றுபோனது. வங்கி அதை வசூல் கம்பெனியிடம் தள்ளிவிட்டது.

அந்தக் கம்பெனியிலிருந்து வாசலில் வந்து நின்றார் கஜபதி. கூலிங்கிளாஸைக் கழற்றாமல், தெருவே கேட்கும்படி கத்தினார்.

"திங்கட்கிழமைக்குள்ள கட்டல, உன் படத்தைப் போட்டு கடன்காரின்னு தெருமுக்குல ஃப்ளெக்ஸ் வைப்பேன்."

அவள் அப்பா தலைகுனிந்தார். அவள் குனியவில்லை.

"வைங்க சார். என் பேருக்குப் பின்னால பி.இ. போட்டிருங்க. அடியில 'இவண்'னு உங்க பேரும் வேணும். இல்லாட்டி எவனோ பயந்தாங்கொள்ளி வச்சிட்டு ஓடிட்டான்னு ஊர்ல பேசுவாங்க."

"யாரு பயந்தாங்கொள்ளி?" என்று கஜபதி மீசையைத் தடவினார்.

செவ்வாய்க்கிழமை ஃப்ளெக்ஸ் நின்றது. மேலே 'கடன்காரி' என்று அவள் படம், பக்கத்தில் 'செண்பகவல்லி, பி.இ.'. அடியில் அதைவிடப் பெரிதாக, 'இவண்: வசூல் சிங்கம் கஜபதி', கைகூப்பிய படத்தோடு.

செண்பகவல்லி அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு நேரே வங்கி மேனேஜரிடம் போனாள்.

"கடன் வாங்கினவங்களை ஊரறிய அவமானப்படுத்தக் கூடாதுன்னு விதி இருக்குல்ல சார்? யார் வச்சதுன்னு நான் சொல்ல வேண்டாம், அவரே போட்டிருக்காரு."

மேனேஜர் உடனே வசூல் கம்பெனிக்குப் போன் போட்டார். கஜபதியின் வேலை போனது. தவணை அவள் சம்பளத்துக்குத் தக்கபடி குறைந்தது.

ஃப்ளெக்ஸை அவிழ்க்கக் கஜபதியே ஏணியோடு வந்தார். கீழே நின்று அப்பா சொன்னார்:

"தம்பி, எம் பொண்ணு பேரும் பி.இ.யும் இருக்கிற துண்டை மட்டும் கிழியாம எறக்குங்க. வீட்டுல மாட்டணும்."