உறையாத ஆறும் சொல்லாமல் விட்ட வாத்தும்

அந்தக் காலத்தில் வாத்துகளும் மனிதர்களும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். ரஷ்யாவில் லித்தேய்ஸ்க் என்று ஒரு நகரம் இருந்தது. நடுவே ஸ்துதேனா ஆறு. இடக்கரையில் இரும்பு ஆலையும், வானத்தையே கறுப்பாக்கும் ஏழு புகைபோக்கிகளும். வலக்கரையில் தொழிலாளர்களின் மரவீடுகள். கோடையில் படகேறி வேலைக்குப் போவார்கள். குளிர்காலத்தில் ஆறே உறைந்து தெருவாகிவிடும். படகுக்காரன் வீட்டில் குறட்டை விட, ஊரே நடந்து ஆற்றைக் கடக்கும்.

அந்தப் பாதையைக் குறிப்பவள் அக்லாயா. தினமும் காலையில் முதல் ஆளாய்ப் பனிக்கட்டியில் இறங்கி, வழி தெரிய இருபுறமும் பைன் கிளைகளை ஊன்றிக்கொண்டே போவாள். அவள் பின்னால்தான் மற்றவர்கள். அவள் கணவன் யெஃபீம் ஆலையில் மதகுக் காவலன். உலையைக் குளிர்வித்துச் சூடேறிய தண்ணீரை ஆலைக் குளத்தில் தேக்கி, ஆறிய பிறகே ஆற்றில் விடுவது அவன் வேலை. இளகிய மனசுக்காரன். அந்த வேலைக்கு இளகிய மனசு ஆகாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஓர் ஆண்டு வாத்துகளெல்லாம் தெற்கே பறந்துவிட, சிறகொடிந்த ஒருத்தி மட்டும் தங்கிவிட்டாள். ஆறு உறைய உறைய அவள் நீந்தும் இடம் சுருங்கியது. கடைசியில் மதகடியில் ஒரு வாளி அகலம்தான் மிஞ்சியது. கரையில் நரி குந்தியிருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

"யெஃபீம் அண்ணே, நாளைக்கு இதுவும் மூடிக்கும். நரி என்னைத் தின்னுடும். கொஞ்சம் சுடுதண்ணி விடேன்" என்றாள் வாத்து.

"கூடாதும்மா. ஆத்து மேல ஆளுங்க நடக்கிறாங்க."

"ஒரு சாண் தூக்கு, போதும். பாதை எங்கேயோ இருக்கு."

யெஃபீம் நரியைப் பார்த்தான். பிறகு மதகை ஒரு சாண் தூக்கினான். "பாதைக்கு அடியில பனிக்கட்டி கரைஞ்சா உடனே சொல்லணும். அடியில போய்ப் பார்க்க உன்னை விட்டா ஆள் இல்லை."

"சொல்றேன் அண்ணே."

வெந்நீர் பாய்ந்ததும் நரி எழுந்து போய்விட்டது. இரண்டாம் நாள் வாத்து மூழ்கிப் பார்த்தாள். பாதைக்கு அடியில் பனிக்கட்டி ஒரு முழக் கனம் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு சாண். நான்காம் நாள் நான்கு விரல். மேலே வெண்பனி மூடியிருந்ததால் நடப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சொன்னால் மதகு இறங்கும், மதகு இறங்கினால் நரி வரும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

ஐந்தாம் நாள் காலையில் ஆலைச் சங்கு ஊதியது. அக்லாயா கிளைக்கட்டோடு ஆற்றில் இறங்கினாள். அவளைத் தொடர நாற்பது பேர் கரையில் காத்து நின்றார்கள். யெஃபீம் எதிர்க்கரையிலிருந்து கையசைத்தான். அவளும் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே கீழே போயிற்று. பெரிய சத்தம்கூட இல்லை. அவள் நின்ற இடத்தில் கறுப்பாய்த் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

கயிறு வீசினார்கள், கழி நீட்டினார்கள். கிளைகள்தான் மேலே வந்தன. யெஃபீமுக்கு அழக்கூட வரவில்லை. நேரே மதகடிக்குப் போனான்.

"உனக்குத் தெரியுமா?"

வாத்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். க்வாக் என்று வந்தது. மறுபடி முயன்றாள். க்வாக். அன்றோடு வாத்துகளுக்கு மனிதப் பேச்சு போய்விட்டது.

இனி ஒருவரும் இந்த ஆற்றின் மேல் நடக்கக் கூடாது என்று யெஃபீம் மதகை முழுதாகத் தூக்கிவிட்டு, ஆலையை விட்டே போய்விட்டான். அதை மறுபடி இறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று முதல்தான் லித்தேய்ஸ்கில் ஆறு உறைவதில்லை, வாத்துகளும் தெற்கே போவதில்லை. யாராவது தண்ணீரோரம் கால் வைத்தால் போதும், கூட்டமாகக் கத்திக்கொண்டு நீந்தி வருகின்றன. பசி என்று நினைத்து மக்கள் ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறார்கள். தின்றுவிட்டு அவை மறுபடியும் கத்துகின்றன, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை.