உப்பு வெள்ளை என்று அதற்கு யார் சொன்னது

"அக்கா, நான் எந்தக் கேமரா வாங்கணும்?"

பெனிட்டா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதை எடுக்கணும்?"

"முதல்முதலா வாங்குறவனுக்கு எது நல்லதுன்னு கேக்குதேன்."

"எதை எடுக்கணும்னு நானும் கேக்குறேன்."

சுயம்புராஜ் மேசையில் கிடந்த லென்ஸ் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்தான். பதில் இல்லாமல் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

தூத்துக்குடியில், மீன்வலை விற்கும் கடைக்கு மேல் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் பெனிட்டா படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கும் மாணவர்களுக்கும் பெரிய வயது வித்தியாசம் கிடையாது. கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் அவளிடம் கிடைக்காது என்பது மாடிப்படி ஏறும்போதே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஏறினார்கள்.

சுயம்பு தன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எந்தப் பாடம் எடுப்பது, எந்தச் சட்டை போடுவது, நேர்முகத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது, எதையும் கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இருந்ததில்லை. அதனால் எதைச் செய்யும் முன்னும் படித்துவிடுவான். கேமராவைப் பற்றியும் படித்தான். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் ஒவ்வொன்றின் மெகாபிக்சலும், சென்சார் அளவும், எடையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். எதையும் வாங்கவில்லை.

"அக்கா, இவனுக்குத் தேர்வு எழுதத் தெரியும்," என்றான் கிளாட்வின். "தேர்வு செய்யத்தான் தெரியாது."

கிளாட்வின் அவனோடு கல்லூரியில் படித்தவன். கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"சும்மா இருல."

"கடைக்காரர் இவனைப் பார்த்ததும் ஷட்டரை இறக்குறாராம். அவருக்கே பாடம் நடத்தியிருக்கான்."

பெனிட்டா லென்ஸை மூடி வைத்தாள்.

"எதை எடுக்கணும்?"

"எங்க அம்மாவை," என்றான் சுயம்பு.

*

பட்டமளிப்பு விழா அன்று, அரங்கத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி, பக்கத்தில் நின்று, கிளாட்வினிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னான். உச்சி வெயில். படத்தில் சுவர் அருமையாக விழுந்தது. அங்கியின் சரிகைக்கரை பளிச்சென்று விழுந்தது. அம்மா முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருந்தது. அவன் முகமும் அப்படித்தான். பல் மட்டும் தெரிந்தது.

அம்மா செல்லக்கனி படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"கவுனு நல்லா விழுந்திருக்கு எய்யா. அது போதும்."

அதற்கப்புறம் யார் போனை நீட்டினாலும் நகர்ந்துவிட்டாள். கல்யாண வீடுகளில் கூட்டத்தின் பின்னால் போய் நின்றாள். அவன் கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"நல்ல கேமரா வாங்கிட்டுச் சொல்லு. ஒரே ஒரு தடவை நிக்குதேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடப்பிடாது."

ஒரே ஒரு தடவை. அதனால்தான் அவனால் எந்தக் கேமராவையும் வாங்க முடியவில்லை.

*

"எங்கே வச்சு எடுக்கணும்?" என்று கேட்டாள் பெனிட்டா.

"அளத்துல. அம்மா உப்பளத்துலதான் வேலை பார்க்காங்க. உப்பும் தெரியணும், அம்மா முகமும் தெரியணும்."

பெனிட்டா உள்ளே போய் மூன்று கேமராக்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மாணவர்களுக்கு இரவல் கொடுப்பவை. மூன்றிலும் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"டேப் எதுக்கு அக்கா?"

"உப்புத்தூள் போகாம."

கிளாட்வின் சிரித்தான். சுயம்பு நம்பிவிட்டான்.

"மூணையும் அளத்துக்குக் கொண்டு போ. ஆளை எடுக்காத. உப்பை மட்டும் எடு. எதுல உப்பு உப்பா விழுதோ, அதை வாங்கு."

இவ்வளவு தெளிவான பதிலை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. சுயம்பு மூன்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.

*

அடுத்த ஞாயிறு அவன் முகம் வாடிப் போயிருந்தது.

"மூணும் சரியில்ல அக்கா."

"என்ன ஆச்சு?"

"வெயில்ல கண்ணு கூசுது, அவ்வளவு வெள்ளை. படத்துல பார்த்தா சாம்பல். ஒண்ணுல பழைய சாம்பல், ஒண்ணுல நீலச் சாம்பல், ஒண்ணுல அடுப்புச் சாம்பல்."

"ம்."

"கேமரா பழசாகிட்டோ?"

பெனிட்டா தோளில் கிடந்த தன் சொந்தக் கேமராவைக் கழற்றிக் கொடுத்தாள். கல்யாண மண்டபங்களில் அதைப் பார்த்தாலே மற்றவர்கள் வழிவிடுவார்கள்.

"இதுலயும் எடுத்துப் பாரு."

அவன் அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான். மத்தியானம் திரும்பி வந்தான்.

"சாம்பல்," என்றான்.

"விலை கூடின சாம்பல்," என்றான் கிளாட்வின்.

சுயம்பு கேமராவை மேசையில் வைத்தான்.

"அப்போ உப்பை வெள்ளையாக் காட்டுற கேமராவே கிடையாதா அக்கா?"

"உப்பு வெள்ளைன்னு அதுக்கு யார் சொன்னா?"

"உப்பு வெள்ளைதானே?"

"உனக்குத் தெரியும். அதுக்கு?"

அவன் கேமராவைப் பார்த்தான். கேமரா அவனைப் பார்த்தது.

பெனிட்டா டேப் ஒட்டிய கேமராக்களில் கைக்கு வந்த ஒன்றை எடுத்தாள். அதன் உச்சியில் 'ஆட்டோ' என்று காட்டிய திருகுவட்டை ஒரு படி தள்ளினாள். ஷட்டருக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று இருந்தது. அதில் ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி. அதை அமுக்கிக்கொண்டே சக்கரத்தை உருட்டிக் காட்டினாள்.

"எதைக் காட்டினாலும் சாம்பல்னுதான் அது நினைச்சுக்கிடும். கரியைக் காட்டு, சாம்பல். உப்பைக் காட்டு, சாம்பல். இல்லைன்னு நீதான் சொல்லணும். கூட்டல் பக்கம் தள்ளினா வெளிச்சம் கூடும்."

"இந்தப் பொத்தான் எல்லாக் கேமராவுலயும் இருக்குமா?"

"நீதானே எல்லாக் கேமராவையும் படிச்சவன்."

அவன் யோசித்தான். இருந்தது. ஒவ்வொன்றிலும் இருந்தது. எந்த ஒப்பீட்டிலும் அதை யாரும் ஒரு வரியாக எழுதவில்லை, எல்லாவற்றிலும் இருந்ததால்.

*

மறுவாரம் அவன் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான்.

"வெள்ளை அக்கா! ஒவ்வொரு கல்லும் தனித்தனியாத் தெரியுது."

"நல்லது."

"ஆனா..."

"ம்?"

"உப்புக்கு முன்னால கிளாட்வினை நிறுத்தி எடுத்தேன். கல்லு கல்லா உப்பு தெரியுது. இவன் மூஞ்சி தெரியல."

"ஊருக்கு நல்லதுதான்," என்றாள் பெனிட்டா.

"அக்கா!" என்றான் கிளாட்வின்.

"இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இவன் மூஞ்சி வந்துட்டு, பருவெல்லாம் தெரியுது. உப்பு போயிட்டு. ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளைத்தாள் மாதிரி. உப்பு வந்தா ஆள் போறான், ஆள் வந்தா உப்பு போகுது." சுயம்பு மூச்சு வாங்கினான். "ரெண்டும் தெரியணும்னா எந்தக் கேமரா வாங்கணும்?"

ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பெனிட்டா கோபப்படவில்லை.

"வழி இருக்கு. சூரியன் மேல வர்றதுக்கு முன்னாடி போகலாம். ஃப்ளாஷ் போடலாம். ஒவ்வொண்ணாச் சொல்லித் தரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. ரெண்டுல ஒண்ணுதான் விழும்னா எதை விழ வைப்ப? உப்பா, அம்மாவா?"

எளிதான கேள்விதான். சுயம்பு கேமராவின் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டினான்.

"எதுக்கு உப்பு வேணும்?"

அவன் தயங்கினான். பொய் சொல்ல அவனுக்கு வராது. போனை எடுத்துக் காட்டினான். படத்தை ஊருக்குக் காட்டும்போது அதன் அடியில் போட ஒரு வரி எழுதி வைத்திருந்தான். எடுக்காத படத்துக்கு எழுதிய வரி. எத்தனையோ முறை அடித்துத் திருத்தியது.

'இந்த உப்புதான் என்னைப் படிக்க வைத்தது.'

பெனிட்டா படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உப்பா படிக்க வச்சது?"



*

மூன்றில் எது என்று பார்க்காமல் ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை சுயம்பு அளத்துக்குப் போனான்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. செல்லக்கனி பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு. கணுக்கால் வரை உப்புத்தண்ணீர்.

"வாங்கிட்டியா?"

"இல்லம்மா. இரவல்."

"எரவல் கேமராவுக்கா என்னை நிக்கச் சொல்லுத? ஒரு தடவைதான்னு சொல்லியிருக்கேன்லா?"

"தெரியும்மா. நில்லுங்க."

அவன் குரலில் என்ன கேட்டதோ, அவள் வாரு பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். துண்டைச் சரிசெய்தாள். யாரோ திட்டப்போவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சுயம்பு பொத்தானை அமுக்கிச் சக்கரத்தைக் கூட்டல் பக்கம் தள்ளினான். இன்னும் தள்ளினான். உப்பு போனால் போகட்டும் என்று தள்ளினான்.

ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"காட்டு."

காட்டினான். செல்லக்கனி திரையைத் தன் முந்தானையால் துடைத்தாள். வெள்ளை போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

"உப்புத்தூள் இல்லம்மா. படமே அப்படித்தான்."

வெள்ளைக்கு நடுவே ஒரு முகம் இருந்தது. நெற்றிச் சுருக்கம் இருந்தது. உதட்டோரத்தில் காய்ந்த வேர்வைக் கோடு இருந்தது. கண்ணுக்குள் கேமராவோடு குனிந்து நிற்கும் ஒருவன் பொட்டளவில் தெரிந்தான். செல்லக்கனி அந்த முகத்தைப் புதிதாக அறிமுகமானவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இம்புட்டு வயசாயிட்டா எனக்கு?"

அவன் திரையை இன்னும் கிட்டக் கொண்டுபோனான்.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் பிறகு. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "ஏல, உப்பு எங்கல?"

"பின்னாலதான் இருக்கும்மா."

செல்லக்கனி திரும்பிப் பார்த்தாள். வரப்பில் உப்புக் குவியல் இருந்தது. கண் கூசும் வெள்ளை.

"அங்க இருக்கு. இதுல எங்க? விடியக்காலத்துல இருந்து வாருதேன், ஒரு கல்லு விழலையே. நான் என்னத்தையோ பார்த்துட்டு சும்மா நிக்க மாதிரியில்லா இருக்கு?"

"ஒண்ணுதான் விழும்மா. உப்பு வேணும்னா உங்க மூஞ்சி இருட்டிப்போகும்."

"போனாப் போகட்டும். இன்னொண்ணு எடு."

"ஒரு தடவைதான் நிப்பேன்னு..."

"எடுன்னா எடு."

அவள் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இந்த முறை துண்டைச் சரிசெய்யவில்லை. பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சுயம்பு சக்கரத்தைப் பின்னால் உருட்டினான்.

*

ஞாயிறு அன்று பெனிட்டாவின் மேசையில் இரண்டு பிரிண்ட் இருந்தன.

ஒன்றில் வெள்ளையைத் தவிர வேறெதுவுமில்லாத வெளியில் ஒரு பெண்ணின் முகம். மற்றதில் மலைபோல் எழுந்து நிற்கும் உப்பு, கல் கல்லாக, பக்கத்தில் பலகையோடு முகம் தெரியாத ஒரு கறுப்பு உருவம்.

பெனிட்டா இரண்டையும் பார்த்தாள். தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"வீட்டுல எதை மாட்டியிருக்கீங்க?"

"உப்பை. இன்னொரு பிரிண்ட் போட்டேன், அம்மா ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுறாங்க, நான் வாரினதுன்னு."

"அந்த வரி?"

"அழிச்சிட்டேன்."

கிளாட்வின் குனிந்து இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏல, மூஞ்சியை எடுத்தது எந்தக் கேமரா? உப்பை எடுத்தது எந்தக் கேமரா?"

"ஒரே கேமராதான்."

"எது?"

சுயம்பு மூன்றையும் பார்த்தான். மூன்றிலும் கறுப்பு டேப் இருந்தது.

"இதுல ஒண்ணு."

"சரி விடு. ரெண்டுல எதுல சரியா விழுந்திருக்கு? அதைச் சொல்லு."

பெனிட்டா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நிமிரவில்லை.

"எனக்கா, எங்க அம்மாவுக்கா?" என்றான் சுயம்பு.