எருமைக் கொட்டகையும் நாலாவது வரைபடமும்

"மூணு தடவை வரைஞ்சாச்சுங்க அம்மிணி. மூணும் திரும்பி வந்துருச்சு. நாலாவது எப்படி வரையறது?"

குழந்தைவேலு அரிசி ஆலையின் மொட்டை மாடியில் நின்று, ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இதைக் கேட்டார்.

தொட்டிக்குள்ளிருந்து தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது.

உள்ளே இருந்தவள் பாவாயி. முப்பத்தி நாலு வயது. உடுமலை வட்டாரத்தில் மேல்நிலைத் தொட்டிகளைக் கழுவுவது அவள் தொழில். பாதி வாழ்க்கையைத் தொட்டிக்குள்ளேயே கழித்தவளுக்குத் தண்ணீரின் சூட்சுமம் தெரிந்திருக்கும் என்று ஊரே நம்பியது. அவள் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. ஊருக்கு யோசனை சொல்கிற வேலைக்கு அவ்வளவு போதும்.

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தாறு வயது. பேர்போன ஆர்க்கிடெக்ட். இப்போது அவர் கையில் இருப்பது ஒரே வேலை. நூற்பாலை வைத்திருக்கும் பூங்கோதை, தன் அப்பாவின் பழைய எருமைக் கொட்டகையை இடிக்காமல் அப்படியே ஒரு ஸ்பாவாக மாற்றச் சொல்லியிருந்தார். தண்ணீர் வைத்தியம் மட்டும்தான், வேறொன்றும் கூடாது. அனுப்பிய வரைபடங்கள் எல்லாம் அதே ரப்பர் பேண்டோடு திரும்பி வந்தன. நாளை சாயங்காலம் பூங்கோதை நேரில் வருகிறார். நாலாவதும் தேறவில்லை என்றால் வேறு ஆள். அப்புறம் ஆபீசைப் பூட்டிவிட்டு எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். மனிதருக்கு நிஜமாகவே பயம் பிடித்திருந்தது.

தொட்டியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

"என்னென்ன வெச்சிருக்கீங்?"

"நாலு குளம். ஒன்னு சூடு, ஒன்னு ஜில்லுன்னு, ஒன்னு உப்புத் தண்ணி, ஒன்னு வெறும் நுரை. கண்ணாடிச் சுவத்துல அருவி. ஸ்பீக்கர்ல மழைச் சத்தம்."

"நெசமாவே மழை வந்தா?"

"வந்தா?"

"ஸ்பீக்கர நிறுத்துவீங்களா, மழைய நிறுத்துவீங்களா?"

குழந்தைவேலு அதை நோட்டில் குறித்துக்கொண்டார். தலை உள்ளே போய்விட்டது.

"கொட்டகைதாங்க பிரச்சனை," என்றார் அவர், தொட்டியின் வாயில் குனிந்து. "ஓட்டுக் கூரை தாழ்வா இருக்கு. தரை கோணல். நட்ட நடுவுல நாலு கல் தொட்டி, எருமை தண்ணி குடிச்சது. அதுகளை உடைச்சுட்டா இடம் கெடைக்கும். நாளைக்கே மெஷினோட ஆள் வரச் சொல்லிட்டேன்."

"நீங்க கடைசியா எப்பங்க எண்ணெ தேச்சுக் குளிச்சீங்?"

"தீபாவளிக்கு."

"எந்தத் தீபாவளிக்கு?"

அவர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். தலையில் சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் குளித்து முடித்த தீபாவளிகளே வரிசையாக ஞாபகம் வந்தன.

"நாளைக்கு மத்தியானம் கொட்டகைக்கு வாறேன்," என்றது தொட்டி. "வேட்டி, துண்டு, நல்லெண்ணெ கொண்டாங்."

"ப்ளான்?"

"அது நனைஞ்சு போயிருமுங்."

*

மறுநாள் அவர் போனபோது நாலு தொட்டிகளும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொன்றும் ஆள் நீளம்.

"எண்ணெயத் தேச்சுட்டு, கெணத்துலிருந்து தண்ணி சேந்தி இதுகள ரொப்புங்."

"மோட்டார் இல்லையா?"

"மோட்டார எடுக்கச் சொன்னது ஆருங்க?"

அவர்தான். முதல் வரைபடத்திலேயே சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார்.

உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, ஐம்பத்தாறு வயதில், குழந்தைவேலு குடம் தூக்கினார். அவர் ஒரு குடம் கொண்டுவருவதற்குள் பாவாயி மூன்று குடம் ஊற்றினாள். ஏழாவது குடம் எண்ணெய்க் கையிலிருந்து நழுவியது. கொட்டிய தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. கோணல் தரையில் தானாக ஓடி, மூலையிலிருந்த கல் வாய்க்காலில் இறங்கி, வெளியே தென்னை மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தரைய மட்டம் பண்ணணும்னு மூணு ப்ளான்லயும் எழுதியிருந்தேன்."

"அடுத்த கொடத்தக் கொண்டாங்."

நாலும் நிரம்பும்போது மணி நாலு. குழந்தைவேலுவுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

"இப்பக் கேளுங்," என்றாள் பாவாயி. "உங்க கேள்விய."

அவர் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கால் தானாக மூன்றாவது தொட்டியில் இறங்கிவிட்டது. பின்னாலேயே உடம்பும் போனது. தண்ணீர் கழுத்துவரை ஏறி நின்றது.

"என்ன கேக்க வந்தேன்?" என்றார் சற்று நேரம் கழித்து.

பாவாயி காலிக் குடங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

சுவரில் மாட்டியிருந்த சட்டைப் பையில் போன் அடித்தது. யாரோ வீட்டில் யாருக்கோ அடிப்பதுபோல அவருக்குக் கேட்டது.

*

பூங்கோதையின் கார் வந்து நின்றபோதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ப்ளான் எங்கீங்க சார்?"

"தெரியலைங்க."

பூங்கோதை பாவாயியிடம் திரும்பினார். "இவரு எவ்வளவு நேரமா இப்படி?"

"ஒரு மணி நேரமாச்சுங் அக்கா."

"எந்திரிப்பாரா?"

"அதுக்கு ஒரு காரணம் வேணுமில்லீங்."

பூங்கோதைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் முகம் சொன்னது. காலையிலிருந்து நாலு மீட்டிங், வழியெல்லாம் போன், ஏப்ரல் வெயில். அவர் நாலாவது தொட்டிக்கு அருகே போய் ஒரு விரலைத் தண்ணீரில் விட்டார். அப்புறம் மணிக்கட்டு வரை. அப்புறம் முழங்கை வரை. பின் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாவாயியிடம் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம். கான்ட்ராக்டர் மாரப்பன், கல் உடைக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"ஏனுங், ஆராச்சும் இருக்கீங்களா? இந்தத் தொட்டிகள உடைச்சுரலாங்களா?"

"இதுல ஆள் இருக்குதுங்க," என்றது மூன்றாவது தொட்டி.

"இதுலயுந்தான்," என்றது நாலாவது.