பிகோனியாவுக்கு எந்த மண்

வைகுண்டத்துக்கு மண் தெரியும். முப்பத்தோரு வருடம் மண் பரிசோதனை நிலையத்தில் அதிகாரியாக இருந்தவர். ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்த்தே எந்தப் பக்கத்து மண் என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியபோது அந்தத் தலைக்கனமும் கூடவே மலையேறி வந்தது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் இருந்த ஒரே ஒரு பிகோனியாச் செடியைத் தேற்ற முடியாமல் எஸ்தரிடம் போய் நின்றார் என்றால் ஊர் சிரிக்கத்தானே செய்யும்.

எஸ்தர் மலைச்சரிவில் பிகோனியா மட்டும் வளர்ப்பவள். அவரைவிட இருபது வயது இளையவள். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் சனிக்கிழமை தோறும் அவளிடம் கற்றுக்கொள்ள ஏழெட்டுப் பேர் வருவார்கள். எல்லோருக்கும் அவள் டீச்சர். கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டாள். கையில் ஏதாவது வேலையைக் கொடுப்பாள். வைகுண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்.

மூன்று சனிக்கிழமையாக அவர் கேட்டது ஒரே கேள்வி. எந்த மண் சரி?

மூன்று முறையும் அவள், "செடியைக் கொண்டு வாங்க ஐயா" என்றாள்.

செடி எதற்கு? அவருடைய ஆபீசுக்குச் செடி வந்ததே கிடையாது. துணிப்பையில் மண் வரும். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். விளைந்ததா, வாடியதா என்று அவர் போய்ப் பார்த்ததில்லை.

நான்காவது சனிக்கிழமை வேறு வழியில்லாமல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். செடியின் இலைகள் தொங்கியிருந்தன. தண்டு அடியில் கறுத்திருந்தது.

"இன்னைக்காவது சொல்லிருங்க டீச்சர். இதுக்கு எந்த மண்ணு சரி?"

"இப்ப என்ன மண்ணுல இருக்கு?"

"எங்க வயல் வண்டல். கூட, நாலு வருஷம் மக்கின சாணி எரு. சோதிச்சுப் பாத்துத்தான் போட்டேன். அதுல ஒரு குறை சொல்ல முடியாது."

"அதுல ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிங்க."

பிடித்தார்.

"கையத் திறங்க."

விரல் தடம் பதிந்த உருண்டை உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

எஸ்தர் ஒரு சாக்கிலிருந்து தன் கலவையை அள்ளி அவருடைய இன்னொரு கையில் போட்டாள். இலைமக்கு, கழுவிக் காயவைத்த தேங்காய் நார்த்தூள், கரித்துண்டு, கொஞ்சம் மணல். இறுக்கிப் பிடித்துத் திறந்தார். பொலபொலவென்று உதிர்ந்து போயிற்று.

"இதுல என்ன சத்து இருக்கு?" என்றார் இளக்காரமாக.

"பெருசா ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"காத்து இருக்கு."

அவள் தொட்டியைச் சாய்த்தாள். பீங்கான் தொட்டி, நீலப் பூ போட்டது. அடியைத் தடவிப் பார்த்து நிமிர்ந்தாள்.

"ஓட்டைய யாரு அடைச்சது?"

"நாந்தான். சிமெண்ட் வச்சு அடைச்சேன். ஹால்ல இருக்கற தொட்டி. நாலு பேரு வந்து போற இடத்துல தண்ணி ஒழுகிக் கறை பட்டா நல்லாவா இருக்கும்?"

எஸ்தர் கத்தியைத் தொட்டியின் ஓரமாகச் சுற்றி விட்டுச் செடியை வெளியே எடுத்தாள். வேர்கள் கறுத்துக் கொழகொழத்துப் போயிருந்தன. நாற்றம் தாங்காமல் வைகுண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தன தடவ மாத்தி நட்டீங்க?"

"மூணு தடவ. வாட வாட, எடுத்துப் பெரிய தொட்டில வச்சேன். ஒவ்வொரு தடவயும் போன தொட்டிய விட நல்ல தொட்டி."

"மண்ணு?"

"அதே மண்ணுதான். நல்ல மண்ண எதுக்கு மாத்தணும்?"

அவள் செடியைச் சாக்கின்மேல் கிடத்தினாள்.

"செடி உங்களோடதா ஐயா?"

"எம்மக கோமதியோடது. கல்யாணம் ஆயிப் போகும்போது பாத்துக்கோங்கப்பான்னு விட்டுட்டுப் போனா. என்னட்ட அவ கேட்டது அது ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப வீட்டுலதான் இருக்கா" என்றார். எதற்கு இதைச் சொன்னோம் என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

கோமதியைப் பெரியகுளத்தில் கொடுத்திருந்தார். நாற்பது ஏக்கர் மாந்தோப்பு உள்ள குடும்பம். மூன்று தலைமுறையை விசாரித்துச் சலித்தெடுத்துக் கண்டுபிடித்த இடம். கல்யாணமான ஐந்தாம் மாதமே அவள் பெட்டியோடு வந்து நின்றாள். புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினார். மறுபடியும் வந்தாள். சம்பந்தியிடம் பேசி, மாடியில் அவளுக்கென்று ஏசி போட்ட அறை கட்ட வைத்து அனுப்பினார். இந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது முறையாக வந்திருக்கிறாள். இந்த முறை பெட்டிகூடக் கொண்டுவரவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட வைகுண்டம் கார் சொல்லியிருந்தார்.

"அந்த வீட்டுல என்ன குறைங்கறேன்?" எஸ்தர் கேட்காமலே அவருக்குக் குரல் உயர்ந்தது. "மாப்பிள்ளை குடிக்க மாட்டாரு. கை நீட்ட மாட்டாரு. வேலைக்கு ஆளு, போக வர காரு. தனியா வெளிய விடமாட்டாங்க, செல்போன மாமியாகாரி வாங்கி வச்சுக்கிடுவா, அவ்வளவுதான். பெரிய குடும்பம்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். அந்த இடத்துக்கு எத்தன பேரு தவம் கெடந்தாங்க தெரியுமா?"

"என்ன சொல்றாங்க?"

"யாரு?"

"உங்க பொண்ணு."

"மூச்சு முட்டுதுங்கறா. இதெல்லாம் ஒரு காரணமா டீச்சர்?"

சொல்லி முடித்தபோது அவர் கண் சாக்கின்மேல் கிடந்த வேரில் போய் நின்றது. நாற்றம் இன்னும் போகவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பயமும் வந்தது. அது யாருக்காக என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் முப்பத்தோரு வருடம் கையெழுத்துப் போட்ட கை அவ்வளவு லேசில் தப்பை ஒத்துக்கொள்ளுமா? பழையபடி மண்ணுக்கே திரும்பினார்.

"சரி, உங்க மண்ணையே தாங்க. தொட்டியக் கழுவிட்டு இதுலயே நட்டுருவோம்."

"இனிமே மண்ண மாத்திப் பிரயோசனம் இல்ல ஐயா. வேர் போச்சு. அழுகல் தண்டுல ஏறிக்கிட்டு இருக்கு. மேல பச்சையா இருக்கற துண்ட வெட்டித் தனியா வச்சா அது புதுசா வேர் விடும்."

"எப்ப வெட்டணும்?"

"இப்ப."

"இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு..."

"போன சனிக்கிழம இந்தக் கறுப்பு எதுவரைக்கும் இருந்துச்சு?"

அவர் தண்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"இப்ப?"

விரலை மேலே நகர்த்தினார். அதற்கு மேல் பச்சை இரண்டு விரற்கடைதான் மிச்சம் இருந்தது.

எஸ்தர் கத்தியைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். தண்டைப் பிடித்தார். கத்தியை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மற்ற சனிக்கிழமைக்காரர்கள் வாசல் படலைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெட்டி எடுத்துட்டா அந்தத் தொட்டி வெறுமனே நிக்குமே டீச்சர். வர்றவங்க போறவங்கெல்லாம் கேப்பாங்களே. நான் என்னன்னு சொல்லுவேன்?"

எஸ்தர் சாக்கில் உதிர்ந்து கிடந்த அழுகின வேரைத் திரட்டிக் குழியில் போட்டுவிட்டு வந்து கையைக் கழுவினாள்.

"வெட்டாட்டியும் அது வெறுமனேதான் நிக்கும் ஐயா. அப்பவும் வந்து கேப்பாங்க."