மூச்சு விட்ட பரணி

விவேகபுரம் என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்த பாதிரியார் அங்கே ஒரு நாள்கூடத் தங்கவில்லை. தங்கியிருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார். அந்த ஊர் ஏசுவடியானுக்கு, மனைவி சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் செய்பவர் என்று நல்ல பெயர் உண்டு. இந்தக் கதையில் நடந்ததெல்லாம் அதனால் நடந்ததுதான்.

டிசம்பர் பிறந்ததும் அவர் மனைவி அன்னபாக்கியம் ஐந்து கிலோ பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை, கோதுமை, கிராம்பு, ஈஸ்ட் எல்லாம் சேர்த்து, கிறிஸ்துமஸ் வைனுக்காகப் பெரிய பீங்கான் பரணியில் போட்டு வைத்தாள். மறுநாளே போன் வந்தது. மதுரையில் மகள் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாளாம். அன்னபாக்கியம் பெட்டியும் கையுமாகப் புறப்பட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. பரணிமேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. தினமும் ஒரு தடவை காய்ஞ்ச மரக்கரண்டியால கிளறணும். மூடியை இறுக்கி மூடிடாதீங்க. உள்ள உயிர் இருக்கு, மூச்சு முட்டிப்போகும்."

"உயிரா?"

"பின்னே, உயிர் இல்லாமயா பொங்குது?"

வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "போன வருசம் சம்பந்தி ஒரு வாய் குடிச்சிட்டு, 'புளிச்ச காடி நல்லா இருக்கு, வைன் எங்கே?'ன்னு கேட்டாரே, மறக்கல்லையே? கிறிஸ்துமஸுக்கு அவரைக் கூட்டிக்கிட்டு வாரேன். இந்தத் தடவையும் அந்தப் பேச்சு வந்துதுன்னா நான் பெட்டியைத் திறக்கவே மாட்டேன். அடுத்த பஸ்ஸுல மககிட்டயே போயிருவேன்."

முப்பது வருஷத்தில் ஏசுவடியானுக்குத் தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை.

அன்றே தன் இரு நண்பர்களை அழைத்தார். ஒருவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் மாசிலாமணி. மற்றவர் கோயிலில் பாதிரியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியார் சத்தியநேசன். மூவரும் பரணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கம்பவுண்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"இருக்குவே. மூச்சு இருக்கு. கொஞ்சம் சளி கட்டின மாதிரி களகளன்னு கேக்குது."

ஈஸ்ட் ஓர் உயிர் என்பது விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆகவே இதுவரை நம்மவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நான்காம் நாள் பரணி சுட்டது. கம்பவுண்டர் தெர்மாமீட்டரை மூடியிடுக்கில் விட்டு எடுத்தார். "நூத்தியொண்ணு. காய்ச்சல்."

"நெத்தியில ஈரத்துணி போடுவோம்," என்றார் உபதேசியார்.

"ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதுன்னு உத்தரவு," என்றார் ஏசுவடியான்.

"அப்போ காய்ஞ்ச துணி போடுவோம்."

"காய்ஞ்ச துணியில குளிர்ச்சி ஏது ஓய்?"

"நெத்தி எதுன்னே தெரியல்லையே," என்றார் கம்பவுண்டர்.

இதைப் பற்றி மதியம் வரை பேசினார்கள். முடிவில் முறை வைத்து விசிறினார்கள். பனைவிசிறி இரண்டு கிழிந்தது. ஒரு வாரத்தில் சூடு இறங்கியது. கம்பவுண்டருக்கு ஊரில் மரியாதை கூடியது.

ஏசுவடியான் தினமும் காலையில் கரண்டியைத் துடைத்து, வெயிலில் காட்டி, மறுபடி துடைத்து, ஒரே ஒரு தடவை கிளறினார். ஒரு தடவை என்றால் ஒரு சுற்று. போகப்போக அவருக்குப் பரணிமேல் பாசம் வந்துவிட்டது. சாப்பிடும்போது அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலையில் பரணியில் காது வைத்தார். சத்தமே இல்லை. கம்பவுண்டர் ஓடி வந்தார். நான்கு பக்கமும் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"மனசைத் தேத்திக்கிடும். முடிஞ்சுபோச்சு."

ஏசுவடியான் பரணியைக் கட்டிக்கொண்டு அழுதார். பரணிக்காகப் பாதி, அன்னபாக்கியத்தின் பெட்டிக்காகப் பாதி.

அடக்கத்தைப் பற்றி உபதேசியார் கறாராகக் கேட்டார். "ஞானஸ்நானம் ஆச்சா?"

"எப்படி ஆகும்? தண்ணி படக் கூடாதே!"

"அப்போ கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. வீட்டுத் தோட்டத்துலதான்."

கொய்யா மரத்தடியில் குழி வெட்டினார்கள். இனி மூச்சு விட வேண்டியதில்லை என்பதால் மூடியை முதல்முறையாக இறுக்கி மூடி, மெழுகு உருக்கி ஒட்டினார்கள். உபதேசியார் சுருக்கமாக ஜெபித்தார். அன்று ஏசுவடியான் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மற்ற நாளிலும் அவருக்கு மூட்டத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அன்னபாக்கியம் சம்பந்தி வேதமாணிக்கத்தோடு வந்து இறங்கினாள். மூவரும் தலைகுனிந்து நின்றார்கள்.

"வைன் எங்கே?"

"போயிருச்சு அன்னம். நாங்க செய்யாத வைத்தியம் இல்லை. மூச்சு நின்னுபோச்சு."

"மூச்சு நின்னா வைன் ரெடின்னு அர்த்தம்! பரணியை என்ன செஞ்சீங்க?"

"முறைப்படி அடக்கம் செஞ்சாச்சு," என்றார் கம்பவுண்டர்.

அன்னபாக்கியம் பெட்டியைக் கீழே வைக்காமலே தோட்டத்தைக் காட்டினாள். தோண்டினார்கள். உபதேசியார் விரல்விட்டு எண்ணினார். மூன்றாம் நாள். உயிர்த்தெழுதலுக்கு வேதத்திலும் அதே கணக்குத்தான். அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டார்.

வடிகட்டி ஊற்றியபோது வைன் மாணிக்கம் போல் இருந்தது. சம்பந்தி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். ஏசுவடியானும் மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, என் ஆயுசுல இப்படி ஒரு வைன் குடிச்சதில்லை!"

அன்னபாக்கியம் பெட்டியின் ஒரு கொக்கியைத் திறந்தாள். ஏசுவடியானுக்குப் போன உயிர் வந்தது. சம்பந்தி அடுத்தடுத்து மூன்று கிளாஸ் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவள் இரண்டாவது கொக்கியில் கை வைத்தாள். அப்போது சம்பந்தியின் வயிறு களகளவென்றது.

மூன்று தலைகள் நிமிர்ந்தன. கம்பவுண்டர் மெதுவாகப் போய் அந்த வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அவர் கண்கள் கலங்கின.

"அதே மூச்சுதான்வே! உள்ளதான் இருக்கு!"

"சூடும் இருக்கு," என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்த உபதேசியார் விசிறியை எடுத்துவரப் போனார். இந்தத் தடவை நெற்றி எது என்பதில் சந்தேகமே இல்லை.

"என்னவே இது?" என்று கேட்டுவிட்டுச் சம்பந்தி வாயை மூடப் போனார்.

"ஐயோ, இறுக்கி மூடிடாதீங்க!" என்று கம்பவுண்டர் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

அன்னபாக்கியம் திரும்பிக் கணவனைத் தேடினாள். அவர் அடுக்களையிலிருந்து மரக்கரண்டியைத் துடைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

"பொறுத்துக்கிடுங்க சம்பந்தி," என்றார் பணிவாக. "தினமும் ஒரே ஒரு சுத்துதான்."

பெட்டியின் கொக்கி மறுபடி மாட்டப்படும் சத்தம் கேட்டது.