இறாலுக்கு நல்ல தண்ணி

"தினம் ரெண்டு செத்துப் போகுதும்மா. நான் என்ன பாவம் பண்ணேன்?"

தணிகாசலம் டிபன் பாக்ஸத் தொறந்து நீட்டினாரு. உள்ள ஈரப் பஞ்சு மேல ரெண்டு செவப்பு இறால். ஒவ்வொண்ணும் வெரல் நகம் நீளம்தான் இருக்கும். ஈமக்கிரியைக்குக் கொண்டு வந்த மாதிரி அவ்வளவு மரியாதையாப் படுக்க வச்சிருந்தாரு.

சகாயமேரி எட்டிப் பாத்தாங்க. கொளத்தூர்ல ஒரு மாடி முழுக்கத் தொட்டி வச்சு அலங்கார இறால் வளக்கறவங்க. வயசு முப்பத்தஞ்சு. தணிகாசலம் மின்வாரியத்துல முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறி எறங்கி ரிட்டயர் ஆனவரு. ஆனா இறால்னு வந்துட்டா, தலை நரைச்சவங்களும் இந்தம்மா முன்னாடிதான் கையக் கட்டி நிக்கணும்.

"பாவம் பண்ணா இறால் சாகாது சார். வேற என்ன பண்ணீங்க?"

"எல்லாம் பண்ணேன்."

"அதான் பயமா இருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

சொன்னாரு. மூணு வேளை தீனி. கண்ணாடியில பச்சையாப் பாசி படிஞ்சா, பழைய பனியன் எடுத்துப் பளபளன்னு தொடச்சிடுவாரு. எதாவது ஒரு இறால் செடிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டா, உசுரோட இருக்கான்னு குச்சியால தட்டிப் பாப்பாரு.

"நீங்க போத்திட்டுப் படுத்திருக்கும்போது உசுரோட இருக்கீங்களான்னு யாராவது குச்சியால தட்டினா?"

தணிகாசலம் குனிஞ்சு டிபன் பாக்ஸப் பாத்தாரு.

"அது ஓடு கழட்டியிருக்கும் சார். புது ஓடு கெட்டியாகற வரைக்கும் ஒளிஞ்சுக்கும். அந்தப் பாசி இருக்கே, அதுதான் அதுக்குச் சோறு. சோத்தத் தொடச்சு எடுத்துட்டு, பசிக்குமேன்னு தீனி போடறீங்க. தின்னது போக மிச்சம் அழுகும். தண்ணி கெடும். கொஞ்ச நாள் சும்மா இருங்க."

"சும்மா இருக்க முடியாதும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தச் சாவ நிறுத்தியாகணும்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

அவரு டிபன் பாக்ஸ மூடினாரு.

"இறால் என்னுது இல்ல. என் பொண்ணு பூங்கோதையோடது. கல்யாணமாகி மூணு வருஷம். போன மாசம் ஆட்டோவுல வந்து எறங்கினா. பெட்டி இல்ல. நகை இல்ல. மடியில இந்தத் தொட்டி மட்டும்."

"ஏன் வந்தாங்க?"

"கேட்டேன். 'இருக்கட்டும்ப்பா'ன்னா. அதுக்கு மேல வாயே தொறக்கல. இந்தத் தொட்டிய மட்டும் பாத்துட்டே உக்காந்திருப்பா. நீ ஓய்வெடும்மா, அப்பா பாத்துக்கறேன்னு நான்தான் வாங்கிக்கிட்டேன். அப்ப முப்பது இருந்துச்சு."

"இப்ப?"

"பதினொண்ணு."

சகாயமேரி சுவத்துல மாட்டியிருந்த வலைய எடுத்தாங்க.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வந்து அழைச்சிட்டுப் போறாரு. பேசி முடிச்சிட்டேன். கொண்டு வந்தது ஒண்ணே ஒண்ணு. அதையும் சாகடிச்சு வெறுங்கையோட அனுப்பினா, அவ மூஞ்சிய எப்படிம்மா பாப்பேன்?"

"போறேன்னு சொன்னாங்களா?"

"நல்ல எடம்மா. சொந்த வீடு. மாப்ள அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு."

கேட்டதுக்கு அது பதில் இல்ல. சகாயமேரி மறுபடி கேக்கவும் இல்ல. வலையத் தொட்டியில விட்டுக் காஞ்ச எலைகள அள்ள ஆரம்பிச்சாங்க.

வியாழக்கிழமை திரும்ப வந்தாரு. இந்தத் தடவ டிபன் பாக்ஸ் இல்ல.

"நாலு போச்சு."

"தீனி?"

"நிறுத்திட்டேன்."

"பாசி?"

"தொடல. என் கண்ணு முன்னாடியே வளருது. மனசு கேக்கல, இருந்தாலும் தொடல."

"கொசு மருந்து அடிச்சீங்களா?"

"அந்த ரூம்ல கொசுவர்த்தி கூடக் கொளுத்தறதில்ல."

சகாயமேரி மொதல் தடவையா நெத்தியச் சுருக்கினாங்க.

"ஒண்ணுமே பண்ணலியா?"

"ஒண்ணுமே பண்ணல. தண்ணி மட்டும் மாத்தினேன்."

"என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி."

"அந்த நல்ல தண்ணியக் கொஞ்சம் கொண்டு வாங்க."

சனிக்கிழமை காலையில ஆட்டோவுல வந்தாரு. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு குடம். வாய்க்குத் துணி கட்டி, ஒரு சொட்டுத் தளும்பாம மாடி ஏத்திட்டு வந்தாரு. துணிய அவிழ்த்தாரு. புளி போட்டுத் தேச்ச செம்புக் குடம். வெயில்ல அது தகதகன்னு நின்னுச்சு.

சகாயமேரி குடத்தப் பாத்தாங்க. ஒரு டம்ளர எடுத்து நீட்டினாங்க.

"குடிங்க."

அவரு மொண்டு, அண்ணாந்து ஊத்திக் குடிச்சாரு.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம். எங்கப்பா காலத்துலேருந்து எங்க வீட்ல இந்தத் தண்ணிதான். ராத்திரி புடிச்சு வச்சா காலையில குடிக்கலாம். ஒரு நோய் அண்டாது. எனக்கு அறுபத்திரெண்டு வயசு, இன்னிக்கு வரைக்கும் ஊசி போட்டதில்ல."

அந்தம்மா அந்தத் தண்ணிய ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தினாங்க. தொட்டியிலேருந்து ஒரே ஒரு இறால வலையில எடுத்தாங்க. தாய் இறால். வயித்துக்கடியில மஞ்சள் முட்டை கொத்தா ஒட்டியிருந்துச்சு. வலையக் கிண்ணத்துக்கு நேரா மேல புடிச்சாங்க.

"விடட்டுமா?"

"விடுங்க."

விடல. வலையிலேருந்து தண்ணி சொட்டுச்சு.

"விடுங்கம்மா. நல்ல தண்ணி."

அந்தம்மா வலையத் திருப்பி, இறாலத் தன் தொட்டியிலயே விட்டாங்க.

"செம்பு சார். இதுங்களுக்கு விஷம்."

தணிகாசலம் குடத்தப் பாத்தாரு. கிண்ணத்தப் பாத்தாரு. பக்கத்துல கவுத்து வச்சிருந்த பக்கெட்டு மேல உக்காந்துட்டாரு.

"நான் இருக்கறதுலயே நல்லதத்தானம்மா குடுத்தேன்."

"தெரியுது சார்."

"வேற யாருக்கும் இவ்வளவு பாத்துப் பாத்து..."

"தெரியுது."

அந்தம்மா கிண்ணத்தத் தள்ளி வச்சுட்டுக் கேட்டாங்க.

"இந்தத் தண்ணிய ஊத்தினதும் அதுங்க என்ன பண்ணும்?"

"ஓடும்மா. மேல போகும், கீழ வரும், சுத்திச் சுத்தி ஓடும்." பத்து வெரலையும் ஆட்டிக் காட்டினாரு. "ஒண்ணு தண்ணிய விட்டே எகிறி வெளிய விழுந்துச்சு. எவ்வளவு குஷி பாருன்னு பொண்ணக் கூப்பிட்டுக் காட்டினேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வேணாம்ப்பா, அந்தத் தண்ணி வேணாம்ப்பான்னா. ரெண்டு தடவ சொன்னா. அவளுக்கு என்ன தெரியும்னு..."

அந்தம்மா தன் தொட்டியக் காட்டினாங்க.

"நல்லா இருக்கற இறால் ஓடாது சார். ஒரே எடத்துல நின்னு மேஞ்சுட்டிருக்கும். வெளிய போக வழி தேடறதுதான் அப்படி ஓடும்."

சகாயமேரி ஒரு பிளாஸ்டிக் கேன எடுத்துத் தன் தொட்டித் தண்ணியப் புடிக்க ஆரம்பிச்சாங்க. ஒரு மெல்லிசு டியூப எடுத்து நடுவுல ஒரு முடிச்சுப் போட்டாங்க.

"மிச்சம் ஏழு இருக்கில்ல? பழைய தண்ணிய ஒரேயடியா எறைக்காதீங்க. கொஞ்சம் எடுத்துட்டு, இத இந்த டியூப் வழியா சொட்டு சொட்டா விடுங்க. அவசரப்பட்டா நல்ல தண்ணியிலயும் செத்துப் போகும்."

தணிகாசலம் தலையாட்டினாரு. காதுல விழுந்துச்சான்னு தெரியல.

கல்யாணமான மொத வருஷம் பூங்கோதை ஒரு நாளைக்கு மூணு தடவ ஃபோன் பண்ணுவா. காலையில ஒண்ணு. மாப்ள ஆபீஸ் கெளம்பினதும் ஒண்ணு. அவரு திரும்பறதுக்கு முன்னாடி ஒண்ணு. 'என்னப்பா சமையல்?' 'வெயில் ஜாஸ்தியாப்பா?' 'ரெண்டு நாள் அங்க வந்து இருக்கட்டாப்பா?' இவரு சிரிப்பாரு. புது எடம்னா அப்படித்தான்மா, பழகிடும்பாரு. தெருவுல பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்குவாரு. பொண்ணு அங்க ராணி மாதிரி இருக்கா, ஆனாலும் அப்பா ஞாபகம் விடல பாருங்க.

ரெண்டாவது வருஷம் அது நாளைக்கு ஒரு தடவ ஆச்சு.

மூணாவது வருஷம் அதுவும் நின்னுச்சு. பழகிடுச்சுன்னு நெனச்சாரு.

கேன் நெறையற சத்தம் மாறிட்டே வந்துச்சு. அந்தம்மா தொட்டிக் கொழாய மூடினாங்க.

அவரு சட்டப் பையில ஃபோன் அடிச்சுது. எடுத்தாரு.

"அஹ்ஹம்." சம்பந்திதான். மூணு வார்த்தைக்கு ஒரு தடவ தொண்டையச் செருமாம அவருக்குப் பேச வராது. "அஹ்ஹம், நாளைக்குக் காலையில, அஹ்ஹம், பத்து மணிக்கு வண்டி வந்துரும். பொண்ண ரெடியா இருக்கச் சொல்லிடுங்க."

"வர வேணாம் சம்பந்தி."

"என்னது?"

"வண்டி வேணாம். அவ வரல."

அந்தப் பக்கம் செருமல் கூட நின்னு போச்சு.

"திடீர்னு என்னங்க இது? நேத்து வரைக்கும் சரின்னீங்க. இப்ப அவ எதாவது சொன்னாளா?"

தணிகாசலம் பக்கெட்டு மேலேருந்து எழுந்து நின்னாரு.

"மூணு வருஷமா சொல்லிட்டுதான் இருந்தா."